துணிக்குத் தன் பெயரைத் தந்த தறிக்காரர்

புதிதாக ஒரு ஜீன்ஸ் வாங்குகிறோம். கடையில் பார்க்கும்போது அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து வெயிலில் பிடித்துப் பார்த்தால், துணியின் மேல் பொடிப் பொடியாகப் பிசிறு தெரிகிறது. பூனைக்குட்டியின் முதுகைத் தடவுவதுபோல இருக்கிறது.

துணி மட்டமோ? கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ? இப்படிப் பலர் கவலைப்படுகிறார்கள்.

கவலை வேண்டாம். பருத்திக்குப் பிசிறு பிறவிக் குணம். பருத்தி இழை ஒவ்வொன்றும் ஓர் அங்குல நீளம்தான். பல்லாயிரம் குட்டை இழைகளை முறுக்கித்தான் ஒரு நூல் ஆக்குகிறார்கள். எவ்வளவு இறுக்கி முறுக்கினாலும், சில இழைகளின் நுனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் பிசிறு.

இந்தப் பிசிறை அடக்கிப் பருத்தியை வழவழப்பாக்க, ஆலைகளில் இரண்டு பழைய வழிகள் உண்டு. ஒன்று நெருப்பு. மற்றொன்று காரம்.

நெருப்பு பிசிறைப் பொசுக்கும். காரம் இழையையே உருட்டித் திரட்டி மினுக்கும்.

காரம் கொடுத்த துணிக்கும் நூலுக்கும் மெர்சரைஸ்டு என்று பெயர். வேட்டியின் ஓரத்திலும், தையல் நூல் கண்டின் மேலும் இந்தச் சொல்லைப் பார்த்திருப்பீர்கள். பலர் இதை ஓர் இயந்திரத்தின் பெயர் என்று நினைக்கிறார்கள்.

இல்லை. அது ஒரு மனிதரின் பெயர். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத ஒரு தறிக்காரரின் பெயர். அவர்தான் ஜான் மெர்சர்.

தார் சுற்றிய சிறுவன்

இங்கிலாந்தில் லங்காஷயர் என்ற மாவட்டம் உண்டு. ஒரு காலத்தில் உலகத்துக்கே துணி நெய்து அனுப்பிய இடம் அது. அங்கே பிளாக்பர்ன் நகருக்குப் பக்கத்தில் கிரேட் ஹார்வுட் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊரில் 1791-ம் ஆண்டு பிப்ரவரி 21-ந் தேதி ஜான் மெர்சர் பிறந்தார்.

தந்தையின் பெயர் ராபர்ட். பஞ்சு நூற்கும் தொழில் செய்தார். பிறகு அதை விட்டு விவசாயத்துக்குப் போனார்.

ஜான் சின்னஞ்சிறு பையனாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். வீட்டில் வறுமை புகுந்தது. விளையாட வேண்டிய வயது அவனுக்கு. ஆனால் 9 வயதில் அவன் தார் சுற்றும் வேலைக்குப் போனான்.

நெசவாளர் வீடுகளில் பிறந்தவர்களுக்கு இந்த வேலை தெரியும். தறியில் ஓடும் நாடாவுக்குள் வைப்பதற்கு நூலைச் சுற்றித் தர வேண்டும். நாள் முழுவதும் கை ஓயாது. கூலியோ மிகவும் குறைவு.

சில காலத்தில் அவனே தறியில் உட்கார்ந்தான். கால் மிதிக்கும், கை நாடாவை வீசும். இப்படி வளர்ந்தான் ஜான்.

படிப்பு? பள்ளிக்கூடம் போக வழியில்லை. ஆனால் படிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் குறையவில்லை. பக்கத்து ஓக்கன்ஷாவில் துணியில் பூப்போட்டு அச்சடிக்கும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே பூ மாதிரி வரையும் ஒருவர், 10 வயதுச் சிறுவனுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார். வரி வசூல் அதிகாரி ஒருவர் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அந்த இரண்டு பேரும் செய்த உதவி சிறிது. அதனால் உலகம் பெற்ற பலன் மிகப் பெரிது.

ஆரஞ்சுச் சட்டை

ஜானின் தாயார் மறுமணம் செய்துகொண்டார். அவருக்கு ஒரு குழந்தை பிறந்தது.

1807-ம் ஆண்டு. ஜானுக்கு வயது 16. ஒரு நாள் தாயின் மடியில் தம்பிக் குழந்தை உட்கார்ந்திருந்தது. அதற்கு ஆரஞ்சு நிறத்தில் சட்டை போட்டிருந்தார்கள்.

ஜான் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். வெள்ளைத் துணியில் இந்த நிறம் எப்படி ஏறியது? இதை நானும் செய்ய முடியாதா?

அன்றிலிருந்து அவனுக்குச் சாயப் பித்துப் பிடித்தது.

சாயம் போடுவது எப்படி என்று சொல்லித்தர ஆள் இல்லை. புத்தகமும் இல்லை. பிளாக்பர்னுக்குப் போய், சாயம் தரும் மரத்துண்டுகள், படிகாரம், அன்னபேதி போன்றவற்றைச் சிறுகச் சிறுக வாங்கி வந்தான். வீட்டிலேயே காய்ச்சினான். துணியை முக்கினான். சில நிறம் பிடித்தது. சில ஓடிப்போனது. ஒவ்வொன்றையும் மனதில் குறித்துக்கொண்டான்.

கொஞ்ச நாளில் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து, ஊராரின் துணிகளுக்குச் சாயம் போட்டுக் கொடுக்கத் தொடங்கினான். தொழிலும் நன்றாகவே நடந்தது.

விட்ட வேலை

ஓக்கன்ஷா பட்டறையை நடத்தியவர்கள் போர்ட் சகோதரர்கள். அவர்கள் இந்த இளைஞரைப் பற்றிக் கேள்விப்பட்டார்கள். 1809-ல் அவரைத் தங்கள் பட்டறையில் தொழில் பழகும் ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

எத்தனை கனவுகளோடு போயிருப்பார்! ஆனால் சாயப் பட்டறை அந்தக் காலத்தில் ஒரு ரகசியக் கோட்டை. எந்தச் சாயத்தில் எதை எவ்வளவு கலப்பது என்பதை வேறு ஒருவருக்கும் சொல்லமாட்டார்கள். மெர்சருக்கும் அங்கே கற்றுக்கொள்ள அதிகம் கிடைக்கவில்லை.

அதோடு இன்னொரு இடி விழுந்தது. அப்போது ஐரோப்பாவில் நெப்போலியன் ஆட்சி. இங்கிலாந்துச் சரக்குகளை ஐரோப்பாவுக்குள் விடக்கூடாது என்று அவன் தடை போட்டிருந்தான். துணி வியாபாரம் படுத்தது. 10 மாதத்தில் மெர்சர் அந்தப் பட்டறையை விட்டு வெளியேறினார்.

மறுபடியும் தறி. மறுபடியும் நாடா. கைக்கு எட்டிய கனவு கைவிட்டுப் போனது.

வேறு ஒருவராக இருந்தால் தலைவிதி என்று சும்மா இருந்திருப்பார். மெர்சர் அப்படி இருக்கவில்லை. தறியிலிருந்து எழுந்த பிறகு, மிச்ச நேரத்தில் சாயச் சோதனைகளைத் தொடர்ந்து செய்தார்.

கல்யாணத்துக்குப் போன இடத்தில்

மெர்சருக்கும் மேரி என்ற பெண்ணுக்கும் திருமணம் நிச்சயமாயிற்று. அதற்கு அனுமதிச் சீட்டு வாங்கப் பிளாக்பர்னுக்குப் போனார். போன வேலை முடிந்தது. வழியில் ஒரு பழைய புத்தகக் கடை கண்ணில் பட்டது.

அங்கே ஒரு சின்னப் புத்தகம். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். ரசாயனத்தைப் பற்றிய கையேடு. எழுதியவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர். கை கால் நடுங்கும் நோய் ஒன்றுக்குப் பார்க்கின்சன் நோய் என்று இன்று பெயர். அந்த நோயை 1817-ல் விவரமாக எழுதியவரும் இதே மருத்துவர்தான்.

மெர்சர் அந்தப் புத்தகத்தை வாங்கினார். அவர் வாழ்க்கையே திரும்பியது.

அதுவரை அவருக்குத் தெரிந்ததெல்லாம் கைப்பழக்கம். இதில் அதைப் போட்டால் இந்த நிறம் வரும் என்று தெரியும். ஏன் வருகிறது என்று தெரியாது. அந்தக் காரணத்தைப் புத்தகம் சொன்னது. இருட்டறையில் விளக்கு ஏற்றியதுபோல இருந்தது அவருக்கு.

10 வயதில் அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிராவிட்டால், அந்தப் புத்தகம் அவருக்கு வெறும் காகிதமாக இருந்திருக்கும்.

1814-ல் மெர்சருக்கும் மேரிக்கும் திருமணம் நடந்தது. மெர்சர் பகலில் நெய்தார். கிடைத்த நேரத்தில் படித்தார், சோதனை செய்தார். விரைவிலேயே முதல் வெற்றி கிடைத்தது.

என்ன வெற்றி தெரியுமா? ஆரஞ்சு நிறம்!

ஆன்டிமணி என்ற உலோகமும் கந்தகமும் சேர்ந்த பொருளைக் கொண்டு, பருத்தித் துணியில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தை அச்சிட அவர் வழி கண்டார். நம் நாட்டில் மைக்குப் பயன்பட்ட அஞ்சனக்கல்லில் இருப்பதும் ஆன்டிமணியும் கந்தகமும்தான். கல்லில் கறுப்பாக இருக்கும் அதே பொருள், சாயப் பாத்திரத்தில் ஆரஞ்சாக மாறியது.

16 வயதில் தம்பியின் சட்டையில் பார்த்து ஏங்கிய நிறம், அவர் கையாலேயே துணியில் ஏறியது.

பங்காளி ஆனார்

1818-ல் போர்ட் சகோதரர்கள் மெர்சரை மறுபடியும் அழைத்தார்கள். இந்தத் தடவை தொழில் பழகும் பையனாக அல்ல. பட்டறையின் ரசாயன நிபுணராக அழைத்தார்கள். 1825-ல் அவரையும் ஒரு பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார்கள். எந்த இடத்தை விட்டு வெறுங்கையோடு வெளியேறினாரோ, அந்த இடத்துக்கே அவர் ஒரு முதலாளி ஆனார்.

மாங்கனீசு உப்பிலிருந்து வெண்கலம் போன்ற பழுப்பு நிறத்தைத் துணிக்குக் கொண்டுவந்தார். துணியின் மேல் நிழற்படம் அச்சிட முடியுமா என்றும் சோதித்தார். லயன் பிளேபேர் என்ற பெரிய விஞ்ஞானி அவருக்கு நண்பரானார். பட்டம் பெற்ற படிப்பாளியும் தறியில் வளர்ந்த மெர்சரும் சரிசமமாக உட்கார்ந்து ரசாயனம் பேசினார்கள்.

வடிகட்டியில் வந்த அதிசயம்

1844-ம் ஆண்டு. மெர்சருக்கு வயது 53.

அவர் காஸ்டிக் சோடாவை வைத்து ஒரு சோதனை செய்துகொண்டிருந்தார். காஸ்டிக் சோடா என்பது கடுமையான காரம். சோப்புக் காய்ச்ச உதவுவது. தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். அதைத் தண்ணீரில் கரைத்துக் கெட்டியான கரைசலாக்கி, வடிகட்ட நினைத்தார்.

காகிதம் தாங்காது. ஆகவே வெளுத்த பருத்தித் துணியை ஆறு மடிப்பாக மடித்து வடிகட்டியாக வைத்தார். கரைசல் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

வடிந்த கரைசலைச் சோதித்தார். ஊற்றியபோது இருந்த காரம் அதில் இல்லை, குறைந்திருந்தது. குறைந்த காரம் எங்கே போயிற்று?

துணியைப் பார்த்தார். அது பழைய துணியாகவே இல்லை! சுருங்கியிருந்தது. தடித்திருந்தது. கண்ணாடிபோலச் சற்று ஒளி ஊடுருவியது.

வேறு ஒருவர் என்ன செய்திருப்பார்? வடிகட்டி கெட்டுப் போயிற்று என்று துணியைத் தூக்கி எறிந்திருப்பார். வேறு துணி தேடியிருப்பார்.

மெர்சர் எறியவில்லை. அவர் 9 வயதிலிருந்து பருத்தியோடு பழகியவர். பருத்திக்குள் ஏதோ நடந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. எடுத்த சோதனையை ஒதுக்கி வைத்தார். கெட்டுப்போன துணியை ஆராயத் தொடங்கினார்.

அவர் கண்டது இதுதான். காரத்தில் நனைத்து நன்றாக அலசிய பருத்தித் துணி, முன்னைவிட வலுவாக இருந்தது. சாயத்தையும் அதிகமாகக் குடித்தது. குறைந்த சாயத்திலேயே அடர்த்தியான நிறம் வந்தது.

ஏன் அப்படி? பருத்தி இழையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், முறுக்கிய தட்டை நாடாபோல இருக்கும். காரம் பட்டதும் அது ஊதிப் பருக்கிறது. முறுக்கு அவிழ்கிறது. தட்டை இழை உருண்டை இழை ஆகிறது. வாடிய கீரைத்தண்டு தண்ணீர் குடித்து நிமிர்வதுபோல!

40,000 பவுன்

1848-ல் அந்தப் பங்கு வியாபாரம் கலைந்தது. மெர்சருக்குப் பொருளுக்குக் குறைவில்லை. ஓய்வும் கிடைத்தது. தன் கண்டுபிடிப்பை முழுமூச்சாகச் சோதித்தார். 1850-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

1851-ல் லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்தது. மெர்சரின் துணிகள் அங்கே வைக்கப்பட்டன. பார்த்தவர்கள் வியந்தார்கள். பிரான்சு நாட்டு வியாபாரிகள் அந்த உரிமைக்கு 40,000 பவுன் தர முன்வந்ததாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் அது ஒரு ராஜ சம்பத்து. மெர்சர் விற்கவில்லை.

1852-ல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நியூட்டன் தலைமை வகித்த சபை அது. தார் சுற்றிய சிறுவனுக்கு அந்தச் சபையில் இடம் கிடைத்தது.

ஆனால் ஒரு வருத்தம். புகழ் கிடைத்ததே தவிர, கண்டுபிடிப்பு விலை போகவில்லை.

காரணம் எளிது. காஸ்டிக் சோடாவின் விலை அப்போது அதிகம். அது ஒன்று. இன்னொன்று, துணி சுருங்கியது. ஐந்தில் ஒரு பங்கு, சில சமயம் நான்கில் ஒரு பங்குகூடக் குறைந்தது. 100 கஜம் துணியைக் காரத்தில் போட்டால் 80 கஜம்தான் கையில் வரும். துணியை அளந்து விற்பவர் ஒப்புக்கொள்வாரா? வலுவும் நிறமும் இருக்கட்டும், என் 20 கஜம் எங்கே என்றுதானே கேட்பார்!

ஆலை முதலாளிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். மெர்சர் கண்ட வழி ஏட்டில் தூங்கியது.

1866-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி ஓக்கன்ஷாவில் ஜான் மெர்சர் காலமானார். அவருக்கு வயது 75. தன் பெயர் உலகமெங்கும் துணியின் மேல் அச்சாகப் போவதை அவர் பார்க்கவில்லை.

இழுத்துப் பிடித்தால்...

23 ஆண்டுகள் ஓடின. 1889-ல் ஹோரஸ் லோ என்ற ஆங்கிலேய ரசாயன நிபுணர் மெர்சரின் முறையைக் கையில் எடுத்தார். துணி சுருங்கத்தானே செய்கிறது? சுருங்க விடாமல் இழுத்துப் பிடித்தால் என்ன?

அவர் அப்படியே செய்தார். சுருக்கம் நின்றது. அதோடு யாரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. பருத்தி பட்டுப்போல மின்னியது! இழுத்த நிலையில் இழை வழவழப்பாக உருண்டதால், அதன் மேல் பட்ட வெளிச்சம் சிதறாமல் திரும்பியது.

லோவுக்கும் அதிர்ஷ்டம் இல்லை. வாங்குவார் இல்லாமல் அவருடைய காப்புரிமை காலாவதி ஆயிற்று. 1895-ல் ஜெர்மனியில் கிரேபெல்டு என்ற பட்டு நகரத்தில், தாமஸ், பிரவோஸ்ட் என்ற இருவர் இதே முறையைப் பெரிய தொழிலாக்கினார்கள். அதன் பிறகு இது உலகமெங்கும் பரவியது.

மினுக்கிக் காட்டியவர் லோ. சந்தைக்குக் கொண்டுபோனவர்கள் ஜெர்மானியர். ஆனால் நிலைத்த பெயர் மெர்சருடையது. கெட்டுப்போன வடிகட்டியை எறியாமல் முதலில் உற்றுப் பார்த்தவர் அவர் அல்லவா?

நெருப்பும் காரமும்

இப்போது நம் ஜீன்ஸுக்கு வருவோம்.

காரம் இழையை வழவழப்பாக்கும். ஆனால் வெளியே நீட்டி நிற்கும் பிசிறை அது வெட்டாது. அதற்கு நெருப்பு வேண்டும். நாட்டிங்காமுக்குப் பக்கத்தில் பாஸ்போர்டைச் சேர்ந்த சாமுவேல் ஹால் என்பவர், 1817-லேயே அதற்கு நல்ல வழி கண்டார். வலைபோன்ற மெல்லிய லேஸ் துணியை எரிவாயுச் சுடரின் ஊடே வேகமாக இழுத்தார். பிசிறு பொசுங்கியது, துணி கருகவில்லை.

இன்றும் ஆலைகளில் இப்படித்தான் செய்கிறார்கள். துணி சுடரைத் தாண்டி நொடிக்கு ஒரு கஜத்துக்கும் அதிகமான வேகத்தில் ஓடுகிறது. நிற்க நேரமில்லாததால் மெல்லிய பிசிறு மட்டும் எரிகிறது.

வழவழப்பாக, தட்டையாக இருக்கும் ஜீன்ஸ் துணிகளுக்கு இந்த இரண்டு வைத்தியமும் நடந்திருக்கும். நெருப்பில் பொசுக்கி, காரத்தில் திரட்டியிருப்பார்கள். பிசிறு தெரியும் ஜீன்ஸுக்கு இந்த வேலைகள் குறைவாக நடந்திருக்கும். பழைய காலத்துக் கரடுமுரடான தோற்றம் வேண்டும் என்று சிலர் வேண்டுமென்றே பொசுக்காமல் விடுவதும் உண்டு. அது குறை அல்ல.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் ஒட்டும் டேப்பைத் துணியின் மேல் அமுக்கி எடுத்துப் பாருங்கள். அதோடு வந்துவிட்டால் அது வேறு துணியிலிருந்து ஒட்டிய பஞ்சு. வராமல் நின்றால் அது ஜீன்ஸின் சொந்தப் பிசிறு.

சொந்தப் பிசிறு உடுத்த உடுத்த, துவைக்கத் துவைக்கத் தானே குறையும். ஜீன்ஸை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் துவையுங்கள். துண்டு, போர்வைகளோடு சேர்த்துப் போடாதீர்கள். பிரஷ் போட்டுத் தேய்த்தால் புதுப் பிசிறு கிளம்பும். நிழலில் உலர்த்துங்கள்.

நீளமாக நூல் தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள். கத்தரிக்கோலால் நறுக்குங்கள். பிசிறு மழிக்கும் சிறு இயந்திரம் கடைகளில் கிடைக்கிறது. அதை முதலில் கால் விளிம்பின் உட்புறத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு மேலே பயன்படுத்துங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. ஆலையில் நெருப்பு வைக்கிறார்களே என்று வீட்டில் தீக்குச்சி கொளுத்திப் பொசுக்கப் பார்க்காதீர்கள். துணி எரியும், கையும் வேகும். இக்காலத்து ஜீன்ஸ் பலவற்றில் இழுபடும் செயற்கை நூலும் இருக்கிறது. அது நெருப்பில் உருகி ஒட்டிக்கொள்ளும். காஸ்டிக் சோடாவையும் வீட்டில் தொடவேண்டாம். அவை ஆலையில் தக்க கருவிகளோடு செய்ய வேண்டிய வேலைகள்.

அடுத்த முறை தையல் நூல் கண்டில் மெர்சரைஸ்டு என்ற எழுத்தைப் பார்த்தால், அதை எழுத்துக்கூட்டிப் படிக்கும் உங்கள் வீட்டுக் குழந்தைக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். 9 வயதில் தார் சுற்றிய ஒரு சிறுவன், 10 வயதில் எழுத்துக் கற்றான். அந்த எழுத்து அவனை ஒரு பழைய புத்தகக் கடைக்கு அழைத்துப் போயிற்று. அந்தப் புத்தகம் அவன் பெயரையே துணியில் எழுத வைத்தது.